இரண்டாம் வாத்தியக்காரர்

ஹேர்னோசாந்த் ஊரில், குடியிருப்பின் சலவை அறையை ஒட்டி
சைக்கிள் நிறுத்தும் நிலவறை. அதுதான் எங்கள் கம்பெனி.
ஒரு மேசை, நூற்றைம்பது அட்டை உறைகள்,
உருளைக்கிழங்கில் செதுக்கிய முத்திரை.
மூன்றாம் நாள் கிழங்கு இளகிவிடும் என்று
யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
எண்பத்தொன்றாம் உறையிலிருந்து
கடற்புறாவுக்கு அலகு மழுங்கல்.

தூர்டிஸ் பகலில் பல் சுத்தம் செய்கிறவள்.
நான் இரவில் தபால் பிரிக்கிறவன்.
வாடகை போக மிஞ்சுவதை
இசைத்தட்டாக்கித் தொலைக்கிறோம்.
நஷ்டம் என்ற சொல் அவளுக்கு ஆகாது.
கணக்கு நோட்டில் அந்தப் பத்திக்கு
'கேட்பவர்கள்' என்று தலைப்பிட்டிருக்கிறாள்.

அன்ஸ்கர் தன் சமையலறையில்
மிதி ஆர்மோனியம் வாசித்தார்.
பாட்டு இல்லை. தாளம் இல்லை.
ஒரு சுரத்தை அழுத்திக்கொண்டு
அது களைத்து உட்காரும்வரை காத்திருப்பார்.
பிறகு பக்கத்துச் சுரத்தை
தூங்குகிறவரை எழுப்புவதுபோல் எழுப்புவார்.
மார்ச் மாதப் பனி கூரையிலிருந்து
மொத்தமாகச் சரிந்து விழுந்தது.
அதுவும் பதிவில் இருக்கிறது,
இரண்டாம் பக்கம், பதினோராம் நிமிடம்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முனகல்.
முதலில் ஒயரைச் சந்தேகித்தோம்,
பிறகு மைக்கை,
பிறகு என் காதை.
தூர்டிஸ்தான் ஃபிரிட்ஜ் கதவில் கன்னம் வைத்துச்
சொன்னாள்: இவன்தான்.
வெண்ணெய் நிறம். ஒரு கால் குட்டை,
அதற்கு அண்டக் கொடுத்த தீப்பெட்டி.

'அணைத்துவிட்டு மறுபடி வாசிக்கலாமா?'
அன்ஸ்கர் விழித்தார்.
'அணைத்தால் நான் யாரோடு வாசிப்பது?'

இருபத்திரண்டு வருஷம்
அதனிடமே சுருதி சேர்த்திருக்கிறார்.

விற்றது அறுபத்துமூன்று.
ஒசாகாவுக்குப் போனதை
நானே என் ராத்திரி முறையில் பிரித்துப் பையில் போட்டேன்.
உப்சாலாவிலிருந்து ஒன்று திரும்பி வந்தது:
'தட்டில் கோளாறு. ஒரே இரைச்சல்.'
பணத்தை அனுப்பினோம்.
அடுத்த வாரம் அதே கையெழுத்து:
'அதையே மறுபடி அனுப்ப முடியுமா?
வீட்டில் எதுவோ குறைகிறது.'

அக்டோபரில் ஃபிரிட்ஜ் செத்தது.
பால் திரிவதற்கு முன்பே
ஆர்மோனியம் திரிந்துவிட்டது.
புதிதாக வந்தது கெட்டிக்காரப் பெட்டி,
ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதி.
அன்ஸ்கர் இரண்டு மிதி மிதித்தார்.
நிறுத்தினார்.
மூடியைச் சாத்தி, அதன்மேல் ரொட்டியை வைத்து
அறுக்கத் தொடங்கினார்.

இப்போது சனிக்கிழமைகளில் மூவரும்
ஊருக்கு வெளியே கழிவு நிலையத்துக்குப் போகிறோம்.
கைவிட்ட ஃபிரிட்ஜுகள் மழையில் வரிசையாக.
அங்கே வேலை பார்க்கும் குன்வோர்
நீளமான ஒயர் ஒன்று எடுத்துத் தருகிறாள்.
விதியில் அதற்கு இடமில்லை,
நாங்கள் கொண்டுபோகும் ஏலக்காய் ரொட்டிக்கும் இல்லை.
ஒவ்வொன்றாகச் செருகிக் கன்னம் வைக்கிறோம்.
இது ரொம்ப மேல்.
இது இருமுகிறது.
இது பரவாயில்லை, ஆனால் அவசரக்காரன்.
குன்வோரும் இப்போதெல்லாம் காது வைத்துப் பார்த்து
உதட்டைப் பிதுக்குகிறாள்.

விற்காத எண்பத்தேழு உறைகளில்
தூர்டிஸ் பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்:
இரண்டாம் வாத்தியம், ஃபிரிட்ஜ்.

போன வாரம் ஒயரைக் கேட்டு வாங்க
அன்ஸ்கர் வீட்டுக்குப் போனேன்.
கதவு திறந்திருந்தது.
தட்டைச் சுழலவிட்டு
விளிம்பில் ஊசியை இறக்கிக்கொண்டிருந்தார்.
ஆர்மோனியம் தொடங்குவதற்கு முன்
பதினான்கு விநாடி,
அவன் மட்டும்.
பிறகு அந்தப் பழைய அன்ஸ்கர் மிதியில் காலை வைக்கும் சத்தம்.
உடனே ஊசியை எடுத்துவிடுகிறார்.
மறுபடி விளிம்புக்கு.

நான் செருப்பைக் கழற்றாமல்
வாசலிலேயே நின்றேன்.